கையெழுத்துப் போடுறவகளுக்கு எத்தனை மார்க்கு?

ஆராய்ச்சி அமோகமா வரணுமா தாயி? அப்ப தாத்தா சொல்றதைக் கேளு. வார்டு படிக்கத் தோதா இருக்கான்னு நர்சிங் பிள்ளைககிட்டக் கேக்குற உன் கேள்வித்தாளை இன்டர்னல் மார்க்கு போடுறதுக்கு முந்தியே குடுத்துரு. குடுக்கும்போது மேடம் பக்கத்துல நிக்கட்டும். ஒண்ணும் பேச வேண்டாம், சும்மா கண்ணாடியை ஏத்தி விட்டுக்கிட்டு நின்னாப் போதும். 'பேரு எழுத வேண்டாம், ரகசியமா வச்சுக்கிடுவோம்'னு அச்சடிச்சுட்டு, மேல மூலையில ரோல் நம்பருக்கு ஒரு கட்டம் போட்டு வையி. நிரப்புன தாளையெல்லாம் அந்த வார்டு சிஸ்டர் மேசையிலயே அடுக்கச் சொல்லு. அம்புட்டுத்தான். எல்லாப் பிள்ளையும் அஞ்சுக்கு அஞ்சு போட்டிருக்கும். 'இந்த மருத்துவமனையில் கற்றல் சூழல் மிகச் சிறப்பாக உள்ளது'ன்னு முடிவுரையை இப்பவே டைப் அடிச்சு வச்சுட்டு, தீவாளிக்கு ஊருக்கு வந்துரலாம்.

என்ன முறைக்கிற? எம்.எஸ்சி. நர்சிங் படிக்கிற பிள்ளைக்கு, ஆஸ்பத்திரியில ஸ்ட்ரெச்சர் தள்ளி ரிட்டையர் ஆன கிழவன் புத்தி சொல்லக்கூடாதா? உங்க மேடம்மாரு வார்டுக்குள்ள பார்த்தது பாதி. வார்டுக்கு வெளிய, லிஃப்டுக்குள்ள, லினன் ரூம் வாசல்ல நான் பார்த்தது மீதி. அந்த மீதியை உன் தாளுல கேக்கவே இல்லை.

நேத்து நீ திண்ணையில உக்காந்து வாசிச்சுக் காட்டுனது நல்லாத்தான் இருந்துச்சு. பின்லாந்து தேசத்துல மிக்கோ சாரிகோஸ்கின்னு ஒருத்தரும் ஹெலினா லெய்னோ-கில்பின்னு ஒரு அம்மாவும் 2002-ல 27 கேள்வி எழுதுனாக. நர்சிங் படிக்கிற பிள்ளை ஒரு வார்டுல போஸ்டிங் முடிச்சு வந்ததும், அந்த வார்டு படிக்கத் தோதா இருந்துச்சா, கூட நின்னு யாரும் சொல்லிக் குடுத்தாகளான்னு அளக்குறதுக்கு. 2008-ல காலேஜுல இருந்து வர்ற டீச்சரம்மாவையும் சேத்து 34 கேள்வி ஆக்கிட்டாக. அஞ்சு பகுதி. வார்டுல படிக்கிறதுக்கான சூழ்நிலை, சொல்லிக் குடுக்கிறவகளுக்கும் பிள்ளைக்கும் உள்ள உறவு, சிஸ்டர் வார்டை நடத்துற விதம், நோயாளிக்கு அங்கன நடக்கிற பராமரிப்பு, டீச்சரோட பங்கு. ஒவ்வொரு கேள்விக்கும் ஒண்ணுல இருந்து அஞ்சு வரைக்கும் டிக். சி.எல்.ஈ.எஸ். பிளஸ் டி-ன்னு அதுக்குப் பேரு.

எதுக்கு இதெல்லாம்னு கேட்டேன். ஐரோப்பாவுல நர்சு படிப்பு 4,600 மணி நேரம், அதுல பாதிக்குக் குறையாம நோயாளி பக்கத்துல நின்னு படிக்கணும்னு சட்டமே இருக்குன்னு சொன்ன. சரிதான். வகுப்புல ஃபேன் ஓடலைன்னா பிரின்சிபாலுக்குத் தெரியும். பாதிப் படிப்பு நடக்கிற வார்டு ஓடலைன்னா யாருக்குத் தெரியும்? கேள்வி எழுதுன அந்த ரெண்டு பேரு மேலயும் எனக்கு வருத்தம் ஒண்ணும் இல்ல. அது நம்ம ஆளுக கையில வந்து சேந்துருச்சே, அதான்.

34-ல எனக்குப் பிடிச்சது ஒண்ணு உண்டு. வார்டு ஆளுக மாணவியைப் பேரு சொல்லித் தெரிஞ்சு வச்சிருந்தாகளான்னு கேக்குதே, அது. அடேயப்பா! நம்ம பக்கம் 'ஏம்மா ஸ்டூடன்ட்'ங்கிறதே பெரிய மரியாதை. 'பர்ஸ்ட் இயரு, இங்கன வா', 'நீலக் கலரு, பிளட் பேங்குக்கு ஓடு'. ஒரு காலேஜுப் பிள்ளைக நீலம், இன்னொரு காலேஜு பச்சை, மூணாவது காலேஜு கோடு போட்ட துணி. ஒரே பெரியாஸ்பத்திரி வார்டுல மூணும் வந்து நிக்கும். மாசாமாசம் ஆளு மாறும். சிஸ்டருக்குக் கலரு ஞாபகம் இருந்தாப் போதாதா?

இது நம்மூரு வியாதி மட்டும்னு நினைச்சுக்கிடாத. லண்டன்ல இசபெல் மென்சீஸ்னு ஒரு அம்மா, 1960-ஐ ஒட்டி, ஒரு பெரிய ஆஸ்பத்திரியை உள்ள புகுந்து பார்த்து எழுதுனாகன்னு நீதான சொன்ன? நோயாளியைப் பேரு சொல்லாம, பெட் நம்பரையும் சீக்கு வந்த உறுப்பையும் சேத்துச் சொல்றது அங்கயும் வழக்கம். படுத்திருக்கிறவரோட துன்பம் தன் மேல ஒட்டாம இருக்கத்தான் நர்சுக அப்படிப் பேசுறாகன்னு அந்தம்மா கண்டுபிடிச்சிருக்காக. படிக்க வந்த பிள்ளைகளை ஒரு வார்டுல தரிக்க விடாம மாத்தி மாத்திப் போடுறதும் அதே கணக்குத்தானாம். ஆக, பெட்டுல கிடக்கிறவருக்கும் பேரு இல்ல, பெட்டுக்குப் பக்கத்துல நிக்கிறவளுக்கும் பேரு இல்ல. ரெண்டு பேருக்கும் நம்பரு இருக்கு, ரெண்டு நம்பரும் ரிஜிஸ்தர்ல இருக்கு, அரசாங்கத்துக்கு வேற என்ன வேணும்?

ஆனா ஒண்ணு தாயி. பேரு தெரிஞ்சா நல்ல வார்டுன்னு அந்தத் தாளு நம்புது. நான் ஒரு பிள்ளையைப் பார்த்திருக்கேன். ஐ.வி. போட நரம்பு பிடிக்கிறதுல கெட்டிக்காரி. கிழடு கட்டைக்கெல்லாம் ஒரே குத்துல ஏத்திருவா. வார்டு பூராவும் அவ பேருதான். டாக்டர் கூப்பிடுவாரு, சிஸ்டர் கூப்பிடுவாக, அடுத்த வார்டுல இருந்தும் ஆளு வரும். மத்தியானச் சோறு சாயங்காலம்தான் திம்பா. கூட வந்த பிள்ளைகளுக்கு யாரும் பேரு கேக்கலை, காய்ச்சல், நாடி, மூச்சு குறிக்கிற டி.பி.ஆர். சார்ட்டை எழுதி வச்சுட்டு வரிசையா நின்னு கேர் பிளான் முடிச்சாளுக. இவளுக்குக் கேர் பிளான் எழுத நேரம் இல்ல, டீச்சர்கிட்ட திட்டு. உன் தாளை இவகிட்டக் குடுத்தா, பேருக் கேள்விக்கு அஞ்சு போடுவா. பொய்யி இல்ல, நெசமாவே அஞ்சுதான். அந்த அஞ்சை நீ எந்தப் பக்கம் கூட்டப் போற?

இப்ப துணைக்கு ஆளு கேக்குற பகுதிக்கு வருவோம். பின்லாந்துல ஒரு பிள்ளைக்குத் தனியா ஒரு நர்சைத் துணைக்கு வச்சாகளா, இல்ல நாளுக்கு ஒரு ஆளு மாறுச்சா, இல்ல ஆளே இல்லையான்னு கேக்குறாக. தனியா ஒருத்தரு கூட இருந்தாத்தான் பிள்ளைகளுக்கு மனசு நிறையுதுன்னு அவுக ஆராய்ச்சியில வந்திருக்கு. வராம? நம்மூருல இந்தியன் நர்சிங் கவுன்சில் மூணு நோயாளிக்கு ஒரு மாணவி, பத்து மாணவிக்கு ஒரு டீச்சர்னு கணக்குப் போட்டுக் குடுத்திருக்கு. அழகான கணக்கு. இன்ஸ்பெக்‌ஷன் அன்னைக்கு நீ வந்து எண்ணிப் பாரு, ஒரு தலை கூடாது, ஒரு தலை குறையாது.

ஏன் குறையும்? ஒரு தடவை தனியார் ஆஸ்பத்திரி ஒண்ணுக்கு நம்ம தெருவுல இருந்தே வேன் வச்சு ஆளு கூட்டிட்டுப் போனாக. ஒரு நாள் கூலி, மத்தியானம் சாப்பாடு, படுக்கையில படுத்துக்கிட்டு இருமினாப் போதும். உன் சின்னப்பாட்டனும் போனாரு. தொழில்பக்தி உள்ள மனுசரு, இருமி இருமி, வீட்டுக்கு வந்தும் ஒரு வாரம் நிறுத்த முடியலை. அன்னைக்கு அவருக்குப் பல்ஸ் பார்த்தது ஒரு ரெண்டாம் வருசப் பிள்ளை. 'உங்க பேரு என்ன தாத்தா'ன்னு கேட்டாளாம். இவரு பதறிப் போயி, எந்தப் பேரைச் சொல்லச் சொன்னாகன்னு மறந்துட்டு, பெட் நம்பரைச் சொல்லியிருக்காரு. அந்தப் பிள்ளையும் எழுதிக்கிட்டா. அன்னைக்கு அவ படிச்ச படிப்பு அதுதான். உன் 34-ல அதுக்கு ஒரு கேள்வி இருக்கான்னு பாரு.

சரி, கவர்மென்ட் ஆஸ்பத்திரியில நோயாளிக்குப் பஞ்சமே இல்ல. அங்கன பஞ்சம் நர்சுக்கு. 2015-ல மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்து (எம்.ஆர்.பி.) பரீட்சை எழுதி, மாசம் 7,700 ரூபாய் தொகுப்பூதியத்துக்கு வந்த பிள்ளைகளை எனக்குத் தெரியும். ரெண்டு வருசத்துல நிரந்தரம்னு சொல்லித்தான் எடுத்தாக. ரெண்டு வருசம் கழிச்சு, 2017 நவம்பர்ல, மெட்ராஸ் டி.எம்.எஸ். வளாகத்துல அதுக உக்காந்து போராட வேண்டியதாப் போச்சு. அப்படி ஒருத்தி ராத்திரி டூட்டியில, பெட்டுல ஒரு வரிசை, பாயில ஒரு வரிசைன்னு தனியா ஓடிக்கிட்டிருப்பா. அவகிட்டப் போயி, 'அக்கா, இந்த மருந்து ஏன் குடுக்குறோம்'னு உன் ஜூனியர் கேப்பா. 'அப்புறம் வா'ன்னு சொல்லுவா. மறுநாளு ஜூனியர் வந்து 'சொல்லிக் குடுத்தாகளா?'ன்னு கேட்ட இடத்துல ஒண்ணு போடுவா. ஒண்ணு வாங்கினது யாரு? அந்த அக்கா. அவளைத் தனியா நிறுத்துனவகளுக்கு உன் தாளுல கட்டமே இல்லையே. ராத்திரி எத்தனை நோயாளிக்கு எத்தனை நர்சுன்னு நீ வாசிச்சதுல எங்கயும் என் காதுல விழலை. எனக்குக் காது மந்தம்தான், ஒருவேளை விட்டிருப்பேன். இல்லைன்னா நீயே சேத்து எழுதிக்கோ, டூட்டி ரிஜிஸ்தரைப் பார்த்து எழுதுறதுக்கு டிக்கு கூட வேண்டாம்.

லாக் புக்குன்னு ஒண்ணு வச்சிருந்தியே, அதுக்கு வருவோம். பழைய பாடத்திட்டத்துல ஒரு பிள்ளை 20 சாதாரணப் பிரசவம் தன் கையால நடத்தியிருக்கணும், 30 மாசமான பொம்பளைகளைப் பரிசோதிச்சிருக்கணும்னு எழுதியிருக்கு. ஒரு வகுப்புல 60 பிள்ளைகன்னா கூட்டிப் பாரு, 1,200 பிரசவம். இருக்கிற பிரசவத்துல பாதி தியேட்டருக்குப் போகுது. மிச்சம் இருக்கிறதுக்கு மூணு காலேஜு காத்து நிக்கிது. ஒரு புள்ளத்தாச்சி வலியில கத்துவா, சுத்தி ஏழெட்டுப் பிள்ளைக நோட்டோட நிக்கும். ஒருத்தி தலையைத் தாங்குவா, ஒருத்தி கொடியை வெட்டுவா, ஒருத்தி நஞ்சுக்கொடியை வாங்குவா, ஒருத்தி ஓரமா நின்னு 'ஆணா பொண்ணா'ன்னு கேப்பா. சாயங்காலம் எல்லாரு நோட்டுலயும் ஒரு பிரசவம் ஏறும். பிறந்தது ஒரு பிள்ளைதான், நோட்டுக் கணக்குப்படி எட்டு. நம்ம தேசத்து ஜனத்தொகை ஏறுனதுக்கு இதுவும் ஒரு காரணமோ என்னமோ.

அந்த நோட்டுல கையெழுத்து யாரு போடணும்? சிஸ்டர் போடணும், டீச்சர் போடணும். கையெழுத்து இல்லைன்னா பரீட்சைக்கு உக்கார முடியாது. இப்ப நீ போயி அந்தப் பிள்ளைகிட்ட, 'சிஸ்டர் எப்படி? டீச்சர் எப்படி? மனசு விட்டுச் சொல்லு'ங்கிற. அவ நோட்டைப் பார்ப்பா, உன்னைப் பார்ப்பா, அஞ்சுல டிக் போடுவா. அவளைக் குத்தம் சொல்லாத. நானா இருந்தா ஆறு போட்டிருப்பேன்.

இந்த ஆஸ்திரேலியாக்காரரு கதை எனக்குக் கொஞ்சம் தேவலைன்னு பட்டுச்சு. சான்னு ஒருத்தரு, 2001-ஐ ஒட்டி, 42 கேள்வி எழுதி, ஒரே பிள்ளைகிட்ட ரெண்டு தடவை கேட்டாருன்னு சொன்னியே. இருக்கிற வார்டு எப்படின்னு ஒரு தாளு, உனக்கு எப்படி இருந்தாப் பிடிக்கும்னு இன்னொரு தாளு. ரெண்டுக்கும் உள்ள இடைவெளியை அளந்தாரு. மனுசரு விவரமானவரு. நம்ம வீட்டுல பொண்ணுக்கு மாப்பிள்ளை பாக்கும்போது சொன்ன லட்சணத்தையும், வந்து சேந்த மாப்பிள்ளையையும் பக்கத்துல பக்கத்துல நிறுத்திப் பார்த்தாத்தான அந்த வீட்டு விவகாரம் புரியும்? 'மாப்பிள்ளை எப்படி'ன்னு மட்டும் கேட்டா, அவரு காதுல விழுற தூரத்துல இருந்தா, 'தங்கமானவரு'ன்னுதான் பதில் வரும்.

ஆனாலும் இதுலயும் ஒரு சூட்சுமம் இருக்கு. முத வருசப் பிள்ளை என்ன கேக்கும்? திட்டாம இருந்தாப் போதும், உக்காந்து சோறு திங்க ஒரு மூலை, துணி மாத்த கதவு தாழ்ப்பாள் போடுற ரூமு. அம்புட்டுத்தான் ஆசை. அது கிடைச்சா இடைவெளி இல்ல, 'ஆகா, எதிர்பார்ப்புக்கு ஏத்த சூழல்'னு நீ எழுதிருவ. நாலாம் வருசத்துப் பிள்ளைக்கு விவரம் தெரிஞ்சிருக்கும், ஏன் இந்த மருந்து, ஏன் இந்த அளவு, ஏன் என்னை ரவுண்ட்ஸுல நிக்க விடலைன்னு கேக்கும். அதுகிட்ட இடைவெளி அகலமா வரும். அகலமா வர்றது வார்டு கெட்டதாலயா, பிள்ளை தேறுனதாலயான்னு நீதான் பிரிச்சுச் சொல்லணும். எம்.எஸ்சி. படிச்ச பிள்ளை, சொல்லிருவ.

அப்புறம் அந்த ஆல்பா. க்ரோன்பாக்னு ஒரு அமெரிக்காக்காரரு 1951-ல சொன்ன கணக்குன்னு நீ பயபக்தியோட சொன்ன. 0.7-க்கு மேல வந்தா டூல் நம்பகமானதுன்னு கைடு மேடம் சொன்னாகளாம். அதுக்கும் ஒரு குறுக்கு வழி இருக்கு, எழுதிக்கோ. நைட் டூட்டி முடிச்சு, காலைச் சாப்பாடு இல்லாம, பஸ்ஸுக்கு நிக்கிற பிள்ளைககிட்டத் தாளைக் குடு. ஒருத்தி மேல இருந்து கீழ வரைக்கும் நாலுல ஒரு கோடு இழுப்பா, இன்னொருத்தி அஞ்சுல கோடு இழுப்பா, ஒருத்தி மூணுல. எவளும் ஒரு கேள்வியையும் படிச்சிருக்க மாட்டா. ஆனா பாரு, ஒவ்வொருத்தியும் தன் கோட்டை விட்டு நகரலை. ஆல்பா ஒண்ணைத் தொட்டுட்டு நிக்கும். மேடத்துக்கு ஆனந்தக் கண்ணீரு வரும். ஆஸ்திரேலியாக்காரரு இதுக்குத்தான் நடுநடுவ கேள்வியைத் திருப்பிப் போட்டு வச்சிருக்காரு போல. நல்ல கேள்விக்கும் அஞ்சு, அதுக்கு எதிர்க்கேள்விக்கும் அஞ்சுன்னு வந்தா, கோடு இழுத்த கை எதுன்னு தெரிஞ்சுபோகும். அப்படித் தெரிஞ்ச தாளைத் தனியா எடுத்து வையி. எத்தனை தாளு அப்படி வந்துச்சுங்கிறதையே ஒரு அட்டவணையாப் போடு. உன் புத்தகத்துல நெசமான பக்கம் அது ஒண்ணாத்தான் இருக்கும்.

சராசரியில மட்டும் கை வைக்காத. ஆபரேஷன் வார்டுக்கு அஞ்சு, குழந்தைக வார்டுக்கு ஒண்ணு, ரெண்டையும் கூட்டி வகுத்து 'மருத்துவமனைக்கு மூணு, ஓரளவு நன்று'ன்னு எழுதுனா, நல்ல சிஸ்டருக்கும் அநியாயம், அழுதுட்டு வந்த பிள்ளைக்கும் அநியாயம். வார்டு வார்டாப் போடு.

நீ போட்ட மார்க்கு சரியா தப்பான்னு சோதிக்க உனக்கு ஒரு நெம்பர் ஒன் டூல் சொல்றேன், எந்தத் தேசத்துல இருந்தும் வாங்க வேண்டாம். நம்ம நாட்டுல பி.எஸ்சி. நர்சிங் 1946-ல வேலூர் சி.எம்.சி.யிலயும் டெல்லியிலயும் ஆரம்பிச்சதுன்னு சொன்ன. அன்னையில இருந்து வார்டுக்கு மார்க்கு போட்டுக்கிட்டுதான் இருக்காக, ஹாஸ்டல்ல. போஸ்டிங் லிஸ்டு ஒட்டின ராத்திரி போயிப் பாரு. 'அந்த வார்டா? செத்தடி நீ', 'இந்த வார்டா, அங்கன ஒரு ஸ்டாஃப் அக்கா இருக்காங்க, கையைப் பிடிச்சுச் சொல்லிக் குடுப்பாங்க', 'அங்கன போனா ரிப்போர்ட் வாங்க லேப்புக்கு நடந்தே கால் தேயும்'. சீனியர் ஜூனியருக்குச் சொல்ற சேதியில பொய்யி கலக்காது. ஏன்னா சீனியர் நோட்டுல ஜூனியர் கையெழுத்துப் போடப் போறதில்ல. ஹாஸ்டல்ல 'செத்தடி'ங்கிற வார்டு உன் தாளுல நாலரை வாங்கியிருந்தா, நீ அளந்தது வார்டை இல்ல தாயி, பயத்தை. அதுவும் ஒரு ஆராய்ச்சிதான், தலைப்பை மட்டும் மாத்திக்கோ.

கைடு மேடம் இதுக்கெல்லாம் ஒத்துக்கிடுவாகளான்னு கேக்குற. ஒத்துக்கிட மாட்டாக. அவுகளுக்கு 100 சாம்பிள், ஒரு பை சார்ட்டு, ஆறு மாசத்துல யுனிவர்சிட்டிக்கு அனுப்பணும். அதனால ரெண்டு வேலையும் பாரு. அவுகளுக்கு வேண்டிய பை சார்ட்டைப் போடு, கலர் நல்லா அடிச்சுப் போடு. அப்படியே பின்னால ஒரு அனுபந்தம்னு சொல்லி, மார்க்கெல்லாம் யுனிவர்சிட்டிக்குப் போன பிறகு, நோட்டுல கையெழுத்து விழுந்த பிறகு, நம்பர் இல்லாத தாளுல அதே பிள்ளைககிட்டத் திரும்ப ஒரு தடவை வாங்கிப் பாரு. எதுக்கு ரெண்டாந்தடவைன்னு எத்திக்கல் கமிட்டி கேட்டா, வெளிநாட்டுல ஒருத்தரு ரெண்டு தடவை கேட்டிருக்காருன்னு சொல்லு. வெளிநாடுன்னதும் அனுமதி வந்துரும்.

அப்புறம் ஒண்ணு பண்ணு, இதை மட்டும் சிரிக்காமக் கேளு. வந்த மார்க்கை வார்டு சிஸ்டர்கிட்டயும் காட்டு. புத்தகத்தை ரெக்சின் பைண்டு போட்டு லைப்ரரி அலமாரியில வச்சுப் பூட்டிட்டா, அந்தம்மாவுக்கு எப்படித் தெரியும்? நான் பார்த்த வரைக்கும் எந்த ஆராய்ச்சிப் பிள்ளையும் வாங்கிட்டுப் போன தாளோட திரும்ப வார்டுக்கு வந்தது கிடையாது. பொல்லாத சிஸ்டர்னு பேரெடுத்தவக சில பேரு, 'என் வார்டுல பிள்ளைக இப்படியா நினைக்குது'ன்னு ஒரு ராத்திரி தூங்காம இருந்திருப்பாக, சொல்லியிருந்தா. சில பேரு தாளைக் கிழிச்சிருப்பாக. எதுவா இருந்தாலும் உனக்கு ஒரு சேதி கிடைச்சிருக்கும்.

கடைசியா எனக்கு ஒரு உபகாரம். அஞ்சு பகுதியோட எங்க ஆளுகளுக்கும் ஒரு பகுதி போடு. சீக்காளியை இடுப்பு பிடிச்சுக்கிடாம புரட்டுறது எப்படி, பெட் பேனை எந்தப் பக்கமா வைக்கணும், எந்த டிராலி சக்கரம் இடது பக்கமா இழுக்கும், செத்தவரு வீட்டு ஆளுகளை எங்கன உக்கார வைக்கணும்... இதெல்லாம் முத வருசப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் குடுத்தது யாருன்னு நினைக்கிற? வார்டு ஆயா. முத சாவைப் பார்த்துட்டு லினன் ரூமுல போயி அழுத பிள்ளைக்கு டீ வாங்கிக் குடுத்தது யாரு? அதே ஆயா. எங்ககிட்ட மட்டும் அதுக நெசத்தைச் சொல்லும், எங்க கையெழுத்துக்கு எந்த நோட்டுலயும் இடம் இல்லையே. அதனால ஆறாவது பகுதின்னு போட்டு, 'ஆயாவும் வார்டு பாயும் சொல்லிக் குடுத்தாகளா'ன்னு ஒரு நாலு கேள்வி சேத்துக்கோ. ஒரிஜினல் டூல்ல இது இல்லையேன்னு கைடு மேடம் கேப்பாக. பின்லாந்துக்காரரு மறந்துட்டாருன்னு சொல்லு. அவரு என்ன, அங்கன இருந்து கிளம்பி வந்து கேக்கவா போறாரு?